சின்னப்பிள்ளையின் கப்பில் குறைந்த சீஸ்

சீஸ் என்ற சாமானைக் கண்டுபிடித்தவன் மட்டும் கையில் கிடைத்தால் சின்னப்பிள்ளை அவனை என்ன செய்வாள் என்று சொல்ல முடியாது. அவனையே துருவியில் வைத்துத் துருவினாலும் துருவுவாள். பின்னே என்ன? ஊர்ப்பட்ட பேருக்குச் சோறு பொங்கிப் போட்ட கை அது. அந்தக் கைக்கு ஒரு பிளாஸ்டிக் கப்பில் சீஸ் அளக்கத் தெரியவில்லை என்று பேர் வந்தால் கோபம் வராமல் கொட்டாவியா வரும்?

விராலிமலைக்கு மேற்கே உள்ளடங்கின ஊர் அவளுக்கு. புருஷன் மலையாண்டி ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். இருக்கிற மானாவாரி நிலம் மழை பெய்தால் உளுந்து கொடுக்கும், பெய்யாவிட்டால் வெறுங்கையை விரிக்கும். அதை நம்பி உட்கார முடியுமா? சின்னப்பிள்ளை கம்பெனிப் பையன்கள் சாப்பிடும் மெஸ் ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைக்க ஆரம்பித்தாள். கையில் ஒரு படி இருந்தால் போதும். எத்தனை பேர் என்று சொல்லுங்கள், இத்தனை படி என்று சொல்லிவிடுவாள். மிச்சமும் விழாது, பற்றாமலும் போகாது. கம்பெனிக்காரர்கள் சொந்தமாக கேன்டீன் வைத்துக்கொண்டதும் மெஸ் படுத்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு. கோழியைத் திட்டினாள், மலையாண்டியைத் திட்டினாள், டிவியைத் திட்டினாள்.

அந்த நேரத்தில்தான் குவைத்தில் பீட்சாக் கடை அடுப்படியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய அருள்மணி, நாற்கரச் சாலையை ஒட்டி சர்வீஸ் ரோட்டில் ஒரு பீட்சாக் கடை போட்டான். மெஸ்ஸில் அவள் கைச்சோறு தின்று வளர்ந்த பையன்தான் அவன்.

"மொதல்ல கொஞ்ச நாள் பழகுங்கக்கா. கை படிஞ்சிருச்சுன்னா அடுப்படி முழுக்க ஒங்க பொறுப்பு. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்" என்றான்.

அடுப்படி முழுக்க ஒங்க பொறுப்பு. அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது அவளுக்கு. மறுபடியும் ஓர் அடுப்படி, தன் சொல்படி நடக்கிற அடுப்படி. அதற்காக அந்தச் சீஸின் வாடையைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். முதல் நாள் டப்பாவைத் திறந்தபோது, "என்ன தம்பி, வெண்ணெய் கெட்டுப்போச்சா?" என்று கேட்டவள்தான்.

மாவு பிசைவது அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. ஓவனும் இரண்டே நாளில் அவள் பேச்சைக் கேட்டது. தக்காளிச் சாஸில் அவள் கொஞ்சம் சோம்பைத் தட்டிப் போட்டதை அருள்மணி கண்டுபிடித்து, ருசித்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போனான். அகப்பட்டுக்கொண்டது சீஸில்தான்.

குவைத்தில் எல்லாமே எடைதான். மாவு இத்தனை கிராம், சாஸ் இத்தனை கிராம், சீஸ் இத்தனை கிராம். அருள்மணியும் ஆசையாக ஒரு எடை மெஷின் வாங்கி வைத்திருந்தான். வைத்த வாரமே அதன்மேல் சாஸ் கொட்டி, எதை வைத்தாலும் கண்ணை மட்டும் சிமிட்ட ஆரம்பித்தது. வேறு வாங்கும்வரைக்கும் என்று செல்போனில் தேடிப் பார்த்தான். துருவிய சீஸ் ஒரு கப் என்றால் நூற்றுப் பதின்மூன்று கிராம் என்று வந்தது. பெரிய பீட்சாவுக்குக் கிட்டத்தட்ட அதுதான் கணக்கு.

"பாத்தீங்களாக்கா, வேலை சுளுவு. பெருசுக்கு ஒரு கப். அவ்வளவுதான்."

"அது என்ன தம்பி நூத்திப் பதிமூணு? நூறுன்னு வைக்கலாம், நூத்தி இருவத்தஞ்சுன்னு வைக்கலாம். பதிமூணுல வந்து நிக்குது?"

"அப்படித்தான் போட்டிருக்கான்."

"எவன்?"

அருள்மணிக்கும் தெரியவில்லை. எவனோ. எந்த ஊரிலோ உட்கார்ந்து, எந்தக் கப்பிலோ, எந்தச் சீஸையோ அளந்து போட்டிருக்கிறான். அவன் பாட்டுக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டான். மாட்டிக்கொண்டு முழிப்பது இங்கே சின்னப்பிள்ளை.

அவள் முதலில் அரிசி அளக்கிற மாதிரி அள்ளி, குலுக்கி, மேலே ஒரு தட்டுத் தட்டினாள்.

"அய்யய்யோ, அமுக்காதீங்கக்கா! அமுக்குனா நூத்தம்பது வந்துரும்."

"சரி, அமுக்கல."

"குலுக்கவும் கூடாது."

"குலுக்காம எப்படி நெறையும்?"

"மேலருந்து உதுத்து விடுங்க. தானா நெறையும். அப்புறம் கத்தி முதுகால தலையத் தட்டி விட்டுருங்க."

உதிர்த்தாள். காலையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சீஸ் இழை இழையாகப் பறந்து கப்பில் பாதிக் காற்றோடு நின்றது. மத்தியானம் வெக்கையில் அதே சீஸ் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, கப்புக்குள் பொத்தென்று விழுந்தது. துருவியின் பெரிய கண்ணில் துருவினால் ஒரு மாதிரி, சின்னக் கண்ணில் துருவினால் வேறு மாதிரி. அரிசி இப்படியா படுத்தும்? எந்த நேரத்தில் அளந்தாலும் ஒரு படி ஒரு படிதானே! இந்தச் சீஸுக்கு ஒரு நேர்மை வேண்டாமா?

சந்தேகம் வந்து அருள்மணியை மறுபடி செல்போனைப் பார்க்கச் சொன்னாள். இன்னொரு இடத்தில் நூறு கிராம் என்று போட்டிருந்தது. வேறொன்றில் நூற்று இருபது. அழுத்தினால் தனிக் கணக்கு, அழுத்தாவிட்டால் தனிக் கணக்கு.

"ஒரே கப்புக்கு இத்தனை எடையா? இதெல்லாம் ஒரு அளவா தம்பி? வெளங்குமா?"

"நீங்க நூத்திப் பதிமூணையே வச்சுக்குங்கக்கா" என்று அவன் நழுவினான்.

அதற்கப்புறம் அவள் ஒழுங்காகத்தான் செய்தாள். காலையில் கூட்டம் வருமுன் ஒரு பெரிய டப்பா நிறையச் சீஸைத் துருவுவாள். விரல் முட்டியும் சேர்ந்து துருவப்படும், அது வேறு. கப்பில் உதிர்த்து, கத்தி முதுகால் தலையைத் தட்டி, ஒவ்வொரு கப்பாகக் கிண்ணத்தில் கொட்டி, கிண்ணங்களைக் குளிர்பெட்டியில் அடுக்கிவிடுவாள். ஆர்டர் வந்ததும் ஒரு கிண்ணம், ஒரு பீட்சா. தப்பு நடக்க எங்கே வழி?

ஆனால் நடந்தது. "என்னங்க, சீஸே காணோம்?" என்று முதலில் கம்பெனிப் பையன்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். பிறகு சிரிக்காமல் கேட்டார்கள். ஒரு கிருத்திகை அன்றைக்கு மலைக்கோயிலுக்கு வந்த மதுரைக் குடும்பம் ஒன்று, பீட்சாவைத் தட்டோடு கொண்டுவந்து கல்லா மேசையில் வைத்தது.

"சப்பாத்தியில தக்காளிச் சட்னியத் தடவிக் குடுத்துட்டு பீட்சாங்கிறீங்களா?" என்று அந்த வீட்டு அம்மாள் கேட்டாள். அதோடு விட்டாளா? படம் பிடித்துக் கடையின் பேரோடு செல்போனில் போட்டுவிட்டாள்.

அருள்மணியின் முகம் சுண்டிப்போனது. பக்கத்து மளிகைக் கடையில் எடை மெஷினை இரவல் வாங்கி வந்தான். அடுக்கி வைத்திருந்த கிண்ணங்களை எடுத்து நிறுத்தான். எண்பத்தைந்து. எண்பத்து மூன்று. எண்பத்தெட்டு. ஒன்றாவது நூறைத் தொட வேண்டுமே!

"எங்க, இப்ப ஒரு கப் அளங்கக்கா."

சின்னப்பிள்ளை அவன் கண்முன்னே உதிர்த்து, தலையைத் தட்டினாள். அவள் கை கப்பைக் கீழே வைக்குமுன் அவன் வாங்கி மெஷினில் வைத்தான். கப்பின் எடை போக நூற்றுப் பன்னிரண்டு. இன்னொன்று அளக்கச் சொல்லி அதையும் கையோடு வாங்கினான். நூற்றுப் பதின்மூன்று.

மெஷினைப் பார்த்தான், கிண்ணங்களைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் பாக்கும்போது சரியா இருக்கு. பாக்காதப்பத்தான் கொறையுது."

"அதான் தம்பி எனக்கும் புரியல."

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. வீட்டுக்கு ஏதும் வேணும்னா எங்கிட்டக் கேளுங்க. நானே குடுத்துட்டுப் போறேன். எடுத்துட்டு ஏதும் போறீங்களா?"

கடையில் பாத்திரம் கழுவ வரும் பெண் சந்தனம், தேய்ப்பதை நிறுத்தினாள். குழாய்த் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

கத்தியிருந்தால் சின்னப்பிள்ளை திருப்பிக் கத்தியிருப்பாள். அவன் கத்தவில்லை. நோயாளியிடம் பேசுவதுபோல மெதுவாக, மரியாதையாகக் கேட்டான். அந்த மரியாதைதான் நெஞ்சில் குத்தியது. ஆணியில் மாட்டியிருந்த தன் பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். தூக்குவாளி உருண்டது. வெற்றிலை, முட்டிவலித் தைலம், பஸ்ஸில் தலையில் போட்டுக்கொள்ளும் துண்டு.

"பாரு தம்பி, நல்லாப் பாரு. மெஸ்ஸுல அம்புட்டு அரிசியும் எங்கையிலதான் கெடந்துச்சு. ஒரு குறுணை கொண்டு போயிருப்பனா? இந்தக் கருமத்தப் போயி கொண்டு போறனாக்கும்! எங்க வீட்டு நாய்கூட இத மோந்து பாக்காது!"

அதற்குள் வாசலில் ஒரு வேன் நின்று ஆட்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள். அழுதுகொண்டே பீட்சா போட முடியுமா? போட்டாள். அத்தனைக்கும் அருள்மணியே சீஸை அள்ளிப் போட்டான், அவளைப் பக்கத்தில் விடவில்லை. துடைத்து வைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் வீட்டில் மலையாண்டியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் பொறுமையாகக் கேட்டான். பீடியைப் பற்றவைத்தான். புகையை விட்டான். விட்டுவிட்டுக் கேட்டான் பாருங்கள் ஒரு கேள்வி:

"ஏ புள்ள, நீ எடுக்கலைல்ல?"

இத்தனை வருஷம் ஒரு கூரைக்குக் கீழே கிடந்த மனுஷன்! கையிலிருந்த அகப்பை பறந்துபோய்க் கோழிக்கூண்டில் விழுந்தது.

"கேக்கக்கூடாதா? ஒரு வார்த்தைதான கேட்டேன்" என்று மலையாண்டி பின்வாங்கினான். "எங்க கம்பெனியில ஒரு ஸ்குரூ காணோம்னாலும் ஆளக் கேக்க மாட்டாங்க. கேமராவைத்தான் போட்டுப் பாப்பாங்க. ஒங்க கடையில இல்லையா?"

இருந்தது. அடுப்படி மூலையில், ஓவனுக்கு மேலே, கோழிமுட்டை அளவில் ஒன்று தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலையில் அருள்மணி ஷட்டரைத் தூக்கும்போதே சின்னப்பிள்ளை வாசலில் நின்றாள். இடுப்பில் முந்தானையைச் சொருகியிருந்தாள்.

"கேமராவப் போடுங்க தம்பி."

"விடுங்கக்கா, அதெல்லாம் எதுக்கு. நானும் ஏதோ கோவத்துல..."

"விட மாட்டேன். நீங்க போடுங்க. ஏ சந்தனம், நீயும் வா. நேத்து கேட்டுக்கிட்டு நின்னீல்ல, இன்னிக்குப் பாத்துக்கிட்டு நில்லு."

அருள்மணி முந்தின நாள் காலைப் பதிவைப் போட, செல்போனில் அடுப்படி தெரிந்தது. மேலேயிருந்து பார்க்க எல்லாமே குட்டையாகத் தெரிந்தது. தன் உச்சந்தலையில் இவ்வளவு நரையா என்று சின்னப்பிள்ளைக்கு ஒரு கணம் திக்கென்றது. படத்தில் அவள் டப்பாவைத் திறந்தாள். கப்பில் சீஸை உதிர்த்தாள். கத்தி முதுகால் தலையைத் தட்டினாள்.

"இந்தா! பாத்தீங்களா? சரியா அளந்திருக்கேன். எங்கிட்டுப் போச்சு ஒங்க சீஸு?" என்று ஜெயித்த குரலில் கேட்டாள்.

கேட்டு வாயை மூடவில்லை. படத்தில் அவள் வலதுகை கப்புக்குள் போனது. ஒரு பிடி சீஸை எடுத்தது. எடுத்ததைத் திரும்ப டப்பாவிலேயே போட்டது. மீதியைக் கிண்ணத்தில் கொட்டியது.

படம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த கப். உதிர்த்தாள், தட்டினாள், ஒரு பிடி திரும்ப டப்பாவுக்கு. அடுத்த கப்பிலும் ஒரு பிடி. அதற்கடுத்ததிலும். படத்திலிருந்த சின்னப்பிள்ளை அந்த நேரமெல்லாம் சந்தனத்திடம் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள், கையைப் பார்க்கவே இல்லை.

"நான் அப்படிப் போடலையே" என்றாள் சின்னப்பிள்ளை. "திரும்பப் போடுங்க."

திரும்பப் போட்டான். கை திரும்பவும் அதையே செய்தது. சொந்தக் கையே இப்படிக் காட்டிக்கொடுத்தால் மனுஷி யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

"அக்கா, அரிசிக்குப் போடுறதுக்கா இது" என்றாள் சந்தனம். "உலைக்கு அளந்துட்டு ஒரு பிடி திரும்பப் பானையில போடுவோம்ல, பானை வெறும் பானையாயிரக் கூடாதுன்னு."

ஆமாம், அதேதான். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் கை அதைச் செய்துகொண்டிருக்கிறது. மழை பொய்த்த ஒரு வருஷம், உழக்கு பானையின் அடியை உரசிக் கரகரவென்று சத்தம் போட்டபோதும், அள்ளினதில் நாலு அரிசியைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் உலை வைத்தாள். மெஸ்ஸிலும் படிக்கு ஒரு பிடி போட்டாள். படி அரிசியில் ஒரு பிடி போனால் யாருக்குத் தெரியும்? இத்தனூண்டு கப்பில், பஞ்சு மாதிரிக் கிடக்கும் சீஸில் ஒரு பிடி என்பது கால்வாசி. அரிசிப் பானை எது, சீஸ் டப்பா எது என்று கைக்கு எப்படித் தெரியும்?

அருள்மணிக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு சிரிப்பு பீறிட்டது. "அடக் கடவுளே! அதான் சீஸ் கட்டி தீரவே மாட்டேங்குது. யாவாரம்தான் கொறஞ்சிருச்சுன்னு நான் மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டிருந்தேன்!" சந்தனமும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதீங்க" என்றாள் சின்னப்பிள்ளை.

சிரிப்பு நின்றது.

"என் தப்புதான். கை கொறச்சிருக்கு, ஒத்துக்குறேன். ஒங்க கடைப் பேரு கெட்டதுக்கும் நான்தான் காரணம். ஆனா நீங்க என்னக் கேட்டது வேற."

"நான் திருடுனீங்கன்னு சொல்லவே இல்லையேக்கா."

"சொல்லல. 'எடுத்துட்டுப் போறீங்களா'ன்னு கேட்டீங்க. இவ இருக்கையில கேட்டீங்க."

"சரி, விடுங்கக்கா. நாளையிலருந்து அடுப்படி முழுக்க ஒங்க பொறுப்பு. போதுமா?"

இத்தனை நாள் எதற்காக அந்த வாடையைச் சகித்தாளோ, அது இதோ கைக்கு வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? அவள் வாங்கவில்லை. பேசாமல் டப்பாவைத் திறந்தாள். கப்பில் சீஸை உதிர்த்து, தலையைத் தட்டினாள். கை தானாக எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். வாசல் தெளிக்காமல் வேலைக்குக் கிளம்பியதுபோல உடம்பெல்லாம் நமநமவென்றது, முடியவில்லை. சீச்சீ என்று சொல்லிக்கொண்டு, கப்பின் தலைக்கு மேலே கோபுரமாகச் சீஸைக் குவித்தாள். அந்தக் கோபுரத்திலிருந்து ஒரு பிடியை எடுத்து டப்பாவில் போட்டாள். மீதியைக் கிண்ணத்தில் கொட்டி இரவல் மெஷினில் வைத்தாள். நூற்றுப் பதினொன்று.

"சரியாத்தான் இருக்கு" என்றான் அருள்மணி.

"சீஸு சரியாயிருச்சு. நான்?"

அவன் கிண்ணத்தை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தான். பிறகு சந்தனத்தின் பக்கம் திரும்பினான். "அக்கா எதையும் எடுக்கல சந்தனம். நான்தான் கேக்கக்கூடாததக் கேட்டுட்டேன்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்கக்கா" என்றான்.

"ம்" என்று சின்னப்பிள்ளை ஓவனைப் பற்றவைத்தாள்.

அதோடு முடிந்தது என்றுதான் அவளும் நினைத்தாள். அன்றைக்கு யாரும் சீஸைப் பற்றிக் கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். மலையாண்டி ஓரமாக உட்கார்ந்து பழுதான டார்ச்லைட்டை நோண்டிக்கொண்டிருந்தான். அரிசி அளந்தாள். ஒரு பிடியை எடுத்தாள். எடுத்த கை பானைக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. தன்னையறியாமல் கூரை மூலையை அண்ணாந்து பார்த்தாள். அங்கே ஒட்டடையும் ஒரு பல்லியும்தான் இருந்தன. பார்த்தோமே என்று அவளுக்கு வந்த எரிச்சல் சொல்லி மாளாது. இத்தனை காலம் நினைக்காமலே செய்த கை, இனிமேல் ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போடுமா?

"போடுறேன், நல்லாப் பாத்துக்க!" என்று மூலையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"யாருகிட்ட பேசுற?" என்று மலையாண்டி நிமிர்ந்தான்.

"ஒங்ககிட்டத்தான். நேத்து கேட்டீங்கல்ல, 'நீ எடுக்கலைல்ல'ன்னு. இங்கிட்டுத் திரும்பிப் பாருங்க. அளந்ததுலருந்து திரும்பப் போடுற கை இது. எத்தன வருஷமா எதிர்க்க ஒக்காந்து தின்னீங்க, ஒரு நாளாச்சும் இதப் பாத்தீங்களா?"

மலையாண்டி டார்ச்லைட்டைக் கீழே வைத்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அந்தப் பிடியைப் பானையில் போட்டு, மூடியை வைத்து, அரிசியைக் களையப் போனாள்.